46,767 கோடியும் ஒரு மின்விசிறியும்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மொத்தமே 28 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக என் பெயரும் இருக்கிறது. 2025 மார்ச்சில், பட்ஜெட் வந்து சில நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் நடந்தது. தலைமையாசிரியை வரவு செலவுப் பதிவேட்டை விரித்து வாசித்தார். நம் பள்ளிக்கு வருட மானியம் 10,000 ரூபாய். அதில் 1,000 ரூபாய் சுத்தம், சுகாதாரத்துக்கு என்று விதி. பினாயில், துடைப்பம், சோப்பு வாங்கவே அது சரியாகப் போய்விடும். மீதி 9,000 ரூபாய்க்குள் சாக்பீஸ், பதிவேடுகள், குழாய் ரிப்பேர், பூட்டு என்று எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பக்கம் இருக்கும் மின்விசிறி நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, காயில் கட்டுவதைவிடப் புதுசு வாங்குவது மேல் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்போது ஒரு பாட்டி கேட்டார். பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், அப்படியே கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு நாப்பத்தாறாயிரம் கோடின்னு டிவில சொன்னாங்களே. நமக்குப் பத்தாயிரம்தானா? மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

எல்லோரும் சிரித்தோம், டீச்சரும் சிரித்தார். ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஒரு மாநிலத்தின் பள்ளிக்கல்விக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது, அதனால் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று யார் கேட்டாலும் அந்தப் பாட்டி கேட்ட இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டை வைத்தே பார்ப்போம்.

பெரிய எண்ணைப் பிரித்துப் பார்த்தால்

பாட்டி சொன்ன எண் சரிதான். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக்கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி, அதற்கும் முந்தைய ஆண்டு 40,299 கோடி. 2025-26-இல் மாநில அரசின் மொத்த வருவாய்ச் செலவு சுமார் 3.73 லட்சம் கோடி. அதோடு ஒப்பிட்டால் பள்ளிக்கல்வி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் 37,000-க்கு மேல். 46,767 கோடியை அத்தனை பள்ளிக்கும் சமமாகப் பங்கு போட்டால் தலைக்கு ஒன்றேகால் கோடி வரும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒன்றேகால் கோடியா என்றால், இல்லை. ஆனால் 10,000 ரூபாயும் இல்லை. எங்கள் பள்ளியின் உண்மையான செலவு பதிவேட்டில் ஏறுவதே கிடையாது, ஏனென்றால் அது பள்ளி வழியாக வருவதில்லை. ஆசிரியர் சம்பளம் கருவூலத்திலிருந்து நேரே அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பாடப் புத்தகம், சீருடை, செருப்பு, புத்தகப்பை எல்லாம் சென்னையில் ஒப்பந்தம் முடிந்து பொருளாக வந்து இறங்குகின்றன. கட்டடம் கட்டும் பணம் பொறியாளர் பக்கம் போகிறது. பள்ளியின் கைக்கு வரும் ரொக்கம் அந்த மானியம் ஒன்றுதான். பெற்றோர் கண்ணில் படுவதும் அதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். எங்கள் பள்ளி போன்ற ஈராசிரியர் பள்ளியில், பணியில் பல வருடம் ஆன இருவருக்குச் சேர்த்து மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 18 லட்சம். 28 பிள்ளைகளால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு சுமார் 64,000 ரூபாய். பக்கத்து ஊரில் இதே இரண்டு ஆசிரியர்களுக்கு 60 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 30,000. இன்னொரு குக்கிராமத்தில் 12 பிள்ளைகள்தான் என்றால் தலைக்கு ஒன்றரை லட்சம். மூன்று இடத்திலும் ஆசிரியர் ஒரே மாதிரிதான் உழைக்கிறார். வகுக்கும் எண்தான் மாறுகிறது.

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அதே சட்டத்தின் விதிகள் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்கின்றன. காமராசர் காலத்திலிருந்து ஊருக்கு ஒரு பள்ளி என்று திறந்துகொண்டே வந்த மாநிலம் இது. இப்போது பிறப்பு குறைந்துவிட்டது, இருக்கிற பிள்ளைகளிலும் பலர் வேன் ஏறி ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகிறார்கள். அதனால் சின்னப் பள்ளிகள் பெருகுகின்றன, தலைக்கு ஆகும் செலவும் ஏறுகிறது. "ஒரு மாணவருக்கு இவ்வளவு செலவு செய்கிறோம்" என்று ஒரு பெரிய எண்ணை யாராவது காட்டினால், அது அக்கறையால் ஏறியதா, ஆள் குறைந்ததால் ஏறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நேரம் இரண்டாவதுதான்.

சரி, சின்னப் பள்ளிகளை மூடிவிட்டால் மிச்சமாகுமே என்று சிலர் சொல்வார்கள். காகிதத்தில் மிச்சமாகும். ஆறு வயசுப் பிள்ளை தினமும் நெடுஞ்சாலையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும் என்பது காகிதத்தில் வராது. எங்கள் ஊருக்கும் அடுத்த பள்ளிக்கும் நடுவில் ஒரு நான்குவழிச் சாலை இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் இல்லை.

அரசு உதவி பெறும் பள்ளிகளையும் மறக்கக் கூடாது. இவை 8,000-க்கு மேல் இருக்கின்றன. நடத்துவது தனியார் நிர்வாகம், அறக்கட்டளை, திருச்சபை என்று இருந்தாலும் அங்கே அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. 46,767 கோடியில் அதுவும் அடக்கம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்கள், அதற்கு மேல் இவர்கள் என்று சேர்த்தால், பட்ஜெட்டின் பெரும்பங்கு சம்பளமாகத்தான் போகிறது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் என்றால் ஆசிரியர்தான், மற்றதெல்லாம் அப்புறம். ஆனால் இதனால் விளையும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சம்பளம் போக, அரசு தன் விருப்பப்படி அப்படி இப்படித் திருப்பக்கூடிய பணம் கொஞ்சம்தான்.

கணக்கில் வராத சோறு

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நடக்கும் எல்லாச் செலவும் பள்ளிக்கல்வித் துறையின் கணக்கில் இருக்காது.

எங்கள் பள்ளியில் காலை எட்டு மணிக்கு மேல் போனால் கிச்சடியோ பொங்கலோ மணக்கும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிறகு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. மதியச் சோற்றின் கதை இன்னும் பழையது. சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, காமராசர் 1956-இல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது, எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாகப் பெரிதாக்கியது. இந்தச் சமையல் எல்லாம் பள்ளி வளாகத்துக்குள்தான் நடக்கிறது, ஆனால் பணம் வருவது சமூக நலத் துறையிலிருந்து. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் வேறு துறைகளின் கீழ் வளர்ந்தவை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மாநகராட்சியின் கணக்கும் உண்டு. ஆசிரியர் ஓய்வூதியமோ மொத்த ஓய்வூதியக் கணக்கில் போய்ச் சேரும்.

ஆகவே ஒரு மாநிலம் கல்விக்கு இத்தனை சதவீதம், இன்னொரு மாநிலம் அத்தனை சதவீதம் என்று பட்டியல் போடும் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தால், எதையெல்லாம் சேர்த்துக் கூட்டினார்கள் என்று தெரியாமல் நம்ப வேண்டாம். சோற்றைச் சேர்த்துக் கூட்டியவரும் சேர்க்காமல் கூட்டியவரும் ஒரே எண்ணுக்கு வர மாட்டார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது

பெரும்பகுதி மாநிலத்தின் சொந்தப் பணம். நாம் கட்டும் ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு, பெட்ரோல், மது மீதான வாட், பத்திரப் பதிவுக் கட்டணம் என்று வருவது. அடுத்தது ஒன்றிய வரிகளில் வரும் பங்கு. 2025-26 வரைக்குமான 15-ஆவது நிதிக் குழுவின் கணக்குப்படி, பகிர வேண்டிய ஒன்றிய வரித் தொகையில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. இந்தப் பணத்துக்கு "இதற்குத்தான் செலவு செய்" என்ற நிபந்தனை கிடையாது.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. வருமான வரி கட்டுகிறவர்கள் ரசீதைப் பார்த்தால் "சுகாதாரம் மற்றும் கல்வி செஸ் 4 சதவீதம்" என்று ஒரு வரி இருக்கும். பெயரில் கல்வி இருக்கிறது. ஆனால் செஸ், மாநிலங்களோடு பகிர வேண்டிய தொகுப்பில் சேராது. அது ஒன்றிய அரசிடமே தங்கி, அதன் திட்டங்கள் வழியாகத்தான் வெளியே வரும். பள்ளி நடத்துகிறவர் ஒருவர், கல்வியின் பெயரால் வசூலிக்கிறவர் இன்னொருவர். கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது, 42-ஆவது திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்குப் போனது. இந்தக் கயிறு இழுப்பின் வேர் அங்கே இருக்கிறது.

மூன்றாவது வழிதான் நமக்கு முக்கியம். ஒன்றிய அரசு திட்டம் போட்டு, மாநிலத்தோடு பங்கு பிரித்துக் கொடுக்கும் பணம். 2018-இல் பழைய அனைவருக்கும் கல்வி இயக்கத்தையும் இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தையும் ஒன்றாகக் கட்டி 'சமக்ர சிக்ஷா' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி. பள்ளிகளில் வாய்வழக்கில் இன்னும் பழைய பெயரின் சுருக்கமான 'எஸ்.எஸ்.ஏ.'தான். இதில் ஒன்றியம் 60, மாநிலம் 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90-க்கு 10.

தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் இந்தத் திட்டத்தின் அளவு சுமார் 3,586 கோடி. ஒன்றியத்தின் பங்கு 2,152 கோடி. 46,767 கோடியோடு வைத்துப் பார்த்தால் இந்த 2,152 கோடி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அப்புறம் ஏன் இதற்கு இவ்வளவு சண்டை?

காரணம், அந்த ஐந்து ரூபாய் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. நிரந்தர ஆசிரியர் சம்பளம் மாநிலக் கருவூலத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தாண்டிப் பள்ளியில் அசைகிற பலவும் சமக்ர சிக்ஷா பணத்தில் அசைகின்றன. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் சொல்லிக்கொடுக்கும் பகுதிநேர ஆசிரியர்கள் இதிலிருந்துதான் ஊதியம் வாங்குகிறார்கள். 2012-இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரை நாள் என்று எடுத்தார்கள். 2024-இல் அது 12,500 ஆனது. ஊராட்சி ஒன்றியம்தோறும் இருக்கும் வட்டார வள மையப் பயிற்றுநர்கள், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையும், பெண் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள், நூலக மானியம், விளையாட்டு மானியம், எங்கள் ஊர் 10,000 ரூபாய் வரைக்கும் இந்தப் பையிலிருந்துதான். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடங்களுக்கு அரசு கட்டும் கட்டணமும் இதில் சேர்ந்திருக்கிறது.

2022-இல் 'பி.எம். ஸ்ரீ' என்று இன்னொரு திட்டம் வந்தது. நாடு முழுக்க 14,500 பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகள் ஆக்குவது நோக்கம். அதில் சேர மாநிலங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்; ஒப்பந்தத்துக்குள் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ நடைமுறைப்படுத்துவதாகவும் இருக்கிறது. மும்மொழியை ஏற்காத தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. ஒன்றிய அரசு 2024-25-க்கான 2,152 கோடியை விடவில்லை. கொள்கையை நாடு முழுக்க ஒரே சீராகக் கொண்டுபோக வேண்டும் என்பது ஒன்றியத்தின் வாதம். ஒரு திட்டத்தில் சேரவில்லை என்பதற்காக இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது என்ன நியாயம் என்பது மாநிலத்தின் வாதம். நாடாளுமன்றத்தின் கல்வி நிலைக்குழுவும் 2025-இல், இந்தக் காரணத்துக்காக நிதியை நிறுத்தி வைப்பது சரியல்ல என்று சொன்னது. மாநில அரசு தன் கையிலிருந்து போட்டுச் சமாளிப்பதாக அறிவித்தது. மே மாதம் வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வருடக் கோடையில் நடந்திருக்க வேண்டிய 25 சதவீதச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது.

இதில் என் கட்சி எது என்று கேட்டால் ஒளிக்க ஒன்றுமில்லை. மூன்றாவது மொழி வேண்டுமா வேண்டாமா என்பதைத் தேர்தல் மேடையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை கால் பயிற்சிக்கு வள மையத்துக்கு வரும் குழந்தைக்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நிபந்தனையோடு வரும் பணம் அளவில் சின்னதாக இருந்தாலும், பள்ளியின் அன்றாடத்தை அது எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று காட்டியது இந்த விவகாரம்.

அதே பள்ளி, முதலிடமும் கடைசி இடமும்

இத்தனை செலவு செய்கிறோமே, பிள்ளைகள் படிக்கிறார்களா? இதற்கு வரும் பதில்களைக் கேட்டால் தலை சுற்றும்.

ஒன்றியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களைத் தரம் பிரிக்கும் குறியீடு ஒன்றை வெளியிடுகிறது. 2019-20-க்கான அதன் அறிக்கையில் பஞ்சாப், கேரளம், சண்டிகர், அந்தமானோடு தமிழ்நாடும் உச்சத் தரத்தில் இருந்தது. அதே அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கைப் பார்த்தால் இன்னும் பெருமையாக இருக்கும். 2021-22-இல் கல்லூரி வயதில் உள்ளவர்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டு உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டுக்கே 28.4 சதவீதம். 2025 பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம், அரசுப் பள்ளிகளில் மட்டும் 91.94.

இன்னொரு பக்கம் 'ஏசர்' ஆய்வு. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் கிராமங்களில் வீடு வீடாகப் போய் நடத்துவது. 2022-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர். 2018-இல் பத்து. 2024-இல் பன்னிரண்டு வாக்கில். கொரோனாவில் விழுந்து எழுந்தது தெரிகிறது, எழுந்த இடமும் உயரமில்லை என்பதும் தெரிகிறது. இன்னும் பின்னால் போனால், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்ட பன்னாட்டுத் தேர்வான 'பிசா'வின் முடிவு 2011 டிசம்பரில் வந்தது. பங்கெடுத்த 74 நாடுகள், பகுதிகளில் நாம் கடைசி வரிசை.

ஒரே மாநிலம், ஒரே பிள்ளைகள், எப்படி இப்படி? ஒவ்வொன்றும் எதை அளக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அமைச்சகத்தின் அந்த 2019-20 தரக் குறியீட்டில் மொத்தம் 1,000 புள்ளிகள். ஆசிரியர் வருகை இணையத்தில் பதிவாகிறதா என்பது போன்ற நிர்வாக நடைமுறைகளுக்கு 360. கற்றல் அடைவுக்கு 180. கழிப்பறை, குடிநீர், புத்தகம் நேரத்துக்கு வந்ததா, பெண் பிள்ளைகள் இடைநிற்காமல் இருக்கிறார்களா என்பதெல்லாம் மீதி. இவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிக்கத் தெரியுமா என்பதற்கு ஐந்தில் ஒரு பங்குகூட மதிப்பெண் இல்லாத தேர்வில் முதல் வகுப்பு வாங்கலாம். தேர்ச்சி விகிதம் என்பது 35 மதிப்பெண்ணைத் தாண்டினார்களா என்பதை மட்டும் சொல்லும்.

ஏசர் இதற்கு நேர் எதிர். மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. ஆய்வாளர் திண்ணையில் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளை நீட்டுவார். எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, ஒரு சின்னக் கதை. எதுவரை படிக்கிறது என்று குறித்துக்கொள்வார். இவ்வளவுதான். இதன் பலமும் பலவீனமும் இந்த எளிமைதான். முன்பின் தெரியாத ஆளைப் பார்த்ததும் வாயே திறக்காத பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நகரம் இதில் கிடையாது. மாநிலத் திட்டக் குழு ஏசர் முடிவை ஏற்காமல், 2025-இல் 9 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களை வைத்துத் தனியாக ஓர் அடைவு ஆய்வு நடத்தியது. அதில் படம் இவ்வளவு இருட்டாக இல்லை. எது சரி என்று சண்டை போடுவதைவிட, இரண்டும் ஒத்துப்போகிற இடத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. தொடக்க வகுப்புகளில் வாசிப்புக்குக் கவனம் வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுதான் 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது.

என் கணிப்பு இது. நூறு வருடமாகத் தமிழ்நாடு பணத்தைப் போட்டது பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கவும் வந்தவர்களைப் பிடித்து வைக்கவும். சோறு, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அது பலித்தது, 47 சதவீதம் அங்கிருந்து வந்ததுதான். ஏழு வயதில் ஒரு பத்தியைத் தடையில்லாமல் படிக்க வைப்பது வேறு வகை வேலை. அதற்குப் பொருள் வாங்கிக் கொடுத்தால் போதாது. ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் இருக்க வேண்டும். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றிருக்கும் பள்ளியில், பள்ளி விவரங்களை ஏற்றும் 'எமிஸ்' செயலியில் பதிவு போட்டுக்கொண்டே அதைச் செய்வது லேசு இல்லை. இதில் நம் மொழி போடும் முடிச்சும் ஒன்று உண்டு: வீட்டில் "வந்துட்டாங்க" என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்று படிக்க வேண்டும். நமக்குச் சாதாரணம், ஆறு வயசுக்கு அது ஏறக்குறைய இன்னொரு மொழி.

எந்தப் பணம் வேலை செய்கிறது

கொரோனாவில் தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்தன. 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தார்கள். அதே சமயத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஊரில் படித்த பெண்கள் பலர், திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் 2021 டிசம்பரில் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள், கணக்கில் இன்னும் அதிகமாக. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் கிட்டத்தட்ட கால்வாசி, 24 சதவீதம், இல்லம் தேடிக் கல்வியால் வந்தது.

இந்த முடிவைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, ஆயிரம் ரூபாய்த் தன்னார்வலர் போதும், ஆசிரியர் எதற்கு" என்று கிளம்புகிறவர்கள் மீதி முக்கால் பங்கைப் பார்ப்பதில்லை. அதில் பெரும்பகுதி பள்ளி திறந்ததால் வந்ததுதான். ஒரு படித்த பெண்ணின் மாத உழைப்புக்கு 1,000 ரூபாய் என்பதும் பெருமைப்பட வேண்டிய எண் இல்லை. எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான்: பிள்ளை இருக்கிற இடத்துக்கு இறங்கிவந்து சொல்லிக்கொடுக்கப் போட்ட பணம், அளவில் சின்னதாக இருந்தும், அளக்கிற அளவுக்குப் பலன் தந்தது. கட்டடமும் வேண்டியதுதான், பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 7,000 கோடி என்று அறிவித்து வகுப்பறைகள் கட்டி வருகிறார்கள். மழையில் ஒழுகும் கூரைக்குக் கீழே யாருக்கும் வாசிப்பு வராது. ஆனால் நல்ல கூரைக்குக் கீழே தானாகவும் வந்துவிடாது.

உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பட்ஜெட் உரை தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பணியிடம், எத்தனை காலி என்று கேளுங்கள். மானியம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நீட்டுங்கள். திட்டாமல் கேட்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

அன்றைய கூட்டத்தில் டீச்சர் பாட்டிக்குச் சொன்ன பதில் இவ்வளவு நீளமில்லை. மானிய விதியை மட்டும் சொன்னார். 30 பிள்ளைகள் வரை 10,000. 31-லிருந்து 100 வரை 25,000. அதற்கு மேல் 50,000, 75,000, ஆயிரம் பேரைத் தாண்டினால் ஒரு லட்சம்.

"நம்மகிட்ட இருக்கிறது இருபத்தெட்டு பாட்டி. இன்னும் மூணு பிள்ளைங்க சேர்ந்தா இருபத்தஞ்சாயிரம். ஃபேன் என்ன, பெயின்டே அடிச்சிரலாம்."

பாட்டி விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார். மேலத்தெருவில் வேனில் போகிறவன் ஒருவன், அவன் அம்மாவிடம் தானே பேசுவதாகச் சொன்னார். செங்கல் சூளைக்குப் புதுசாக வந்திருக்கும் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளை. மூன்றாவதாகத் தன் மகள் வயிற்றுப் பேரனைச் சொன்னார்.

"வயசு என்ன பாட்டி?"

"ஆவணி வந்தா நாலு முடியுது."

டீச்சர் பதிவேட்டை மூடினார். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து முடிய வேண்டும்.